தோல் வழியே நுழையும் அனிலின்

1917 ஏப்ரலில் காந்தி சம்பாரனுக்குப் போன கதை நம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற தீன்கட்டியா முறை, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் கெடுபிடி, ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாப்பிடியாக நின்று காந்தியை அழைத்துப் போனது என எல்லாம் அதில் வருகிறது. குடியானவர்களின் நிலைமை அந்த அளவுக்கு முற்றியதன் பின்னணி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

1897-ல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரிலிருந்து பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரித் தழையைத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்த நீரை அடித்து, வண்டலை வடித்துக் கட்டியாக்கி விற்ற இந்திய நீலத்தின் விலை விழுந்தது. தோட்ட முதலாளிகளுக்கு அவுரியால் இனி லாபமில்லை. அந்த நஷ்டத்தை அவர்கள் தாங்கிக்கொள்ளவில்லை. “அவுரி போடும் கட்டாயத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன், பதிலுக்குக் குத்தகையைக் கூட்டிக் கொடு, இல்லையென்றால் மொத்தமாக ஒரு தொகை கட்டு” என்று குடியானவர்களிடம் எழுதி வாங்கினார்கள். சம்பாரன் விசாரணையில் குவிந்த புகார்களில் இது முக்கியமானது. நம் ஊரிலும் பழைய தென்னார்க்காடு அவுரிக்குப் பேர்போன மாவட்டம். இப்போதும் திண்டிவனம் பக்கம் கொஞ்சம் விளைகிறது. அன்றைய விளைச்சலோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம்.

பாடிஷே அனிலின் உண்ட் சோடா ஃபாப்ரிக் என்பதுதான் பி.ஏ.எஸ்.எஃப்.-ன் முழுப் பெயர். 1865-ல் அதைத் தொடங்கியவர்கள் நம்பி இறங்கிய சரக்கு அனிலின். 1897-ல் வந்த முதல் நீலம் நாப்தலீனில் தொடங்கும் வழியில் செய்யப்பட்டது. அனிலினிலிருந்து நீலம் செய்யும் வழியைக் கார்ல் ஹாய்மன் 1890-லேயே காட்டியிருந்தார். 1901-ல் அந்த வழி செம்மைப்பட்டது. விரைவில் மற்ற வழிகளைப் பின்னுக்குத் தள்ளியது. இன்று உலகம் முழுக்க ஜீன்ஸ் துணிக்குப் போடும் நீலம் பெரும்பாலும் இந்த வழியில் வருவதுதான்.

சாயம், காய்ச்சல் மருந்து, டயர், ஃபிரிட்ஜ் கதவுக்குள் இருக்கும் நுரை என்று அனிலின் தொடாத துறை குறைவு. அதைக் கையாண்டவர்களின் ரத்தத்தையும் சிறுநீர்ப்பையையும் அது தொட்டிருக்கிறது. பயன்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தக் கட்டுரை அதிகம் நிற்கப்போவது அந்த மனிதர்களிடம்.

ஒரு வளையம், ஒரு நைட்ரஜன்

அமீன்கள் அமோனியாவின் குடும்பம். அமோனியாவில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையத்தை மாட்டினால் கிடைப்பது அனிலின். இவ்வளவு எளிய அமைப்புதான்.

புதிதாக வடித்த அனிலின் நிறமற்ற எண்ணெய். காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகும், நாளாக ஆகச் செம்பழுப்பாகிவிடும். அழுகிய மீனின் கவுச்சி வாடை அடிக்கும். தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது; ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 36 கிராம்தான் கரையும், மிச்சம் அடியில் தங்கும். 184 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பெட்ரோல் மாதிரிச் சட்டென்று பற்றாது. பற்றினால் கரும்புகையோடு எரியும். இவற்றைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. அனிலின் கொழுப்பில் எளிதில் கரையும். நம் தோலின் மேலடுக்கு தண்ணீரைத் தடுத்து நிறுத்தும், அனிலினைத் தடுக்காது. திரவமாகக் கையில் பட்டாலும், ஆவியாகக் காற்றில் இருந்தாலும், அது தோலைக் கடந்து ரத்தத்துக்குப் போகிறது. முகமூடி போட்டுக்கொண்டேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்குச் சாயச் சோதனை நினைவிருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த அனிலினைச் சோதனைக் குழாயில் எடுத்து, குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, ஐந்து டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற விட்டால் நைட்ரஜன் குமிழ்களாகப் பறந்துவிடும், எதுவும் மிஞ்சாது. குளிர்ச்சி கெடாமல் இருந்தால் கரைசல் தெளிவாகவே நிற்கும். அதைச் சோடாக் காரத்தில் கரைத்த பீட்டா-நாப்தாலில் ஊற்றிய மறுகணம் குழாய் முழுக்க ஆரஞ்சுச் சிவப்பு திரளும். நிறமில்லாத இரண்டு கரைசல்கள் சேர்ந்து கண்ணைப் பறிக்கும் சாயமாகின்றன. இந்த வினையின் முதல் படியைப் பீட்டர் கிரீஸ் 1858-ல் கண்டுபிடித்தார். இன்று துணிக்கு ஏறும் சாயங்களில் பெரும்பகுதி இந்த ‘அசோ’ வகைதான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் சில மில்லிலிட்டரில் நடப்பதும், சாயத் தொழிற்சாலையில் டன் கணக்கில் நடப்பதும் அடிப்படையில் ஒரே வினை.

அனிலினைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஒருவரைக் காட்ட முடியாது. 1826-ல் ஒட்டோ உன்ஃபர்டோர்பன் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து எடுத்தார். 1834-ல் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தார். அடுத்து ஃபிரிட்ஷே அவுரியைக் காரத்தோடு சூடாக்கிப் பெற்றார். ரஷ்யாவில் ஜினின் 1842-ல் நைட்ரோபென்சீனிலிருந்து செய்தார். ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே பொருள்தான் என்று 1843-ல் நிரூபித்தவர் ஹாஃப்மன். அவருடைய லண்டன் மாணவர் வில்லியம் ஹென்றி பெர்கின், 1856 ஈஸ்டர் விடுமுறையில், பதினெட்டு வயதில், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்தது கருப்புக் கசடு. அதை ஆல்கஹாலில் கழுவியபோது ஊதா நிறம் இறங்கியது. அவர் எடுத்த அனிலின் சுத்தமானதாக இருந்திருந்தால் அந்த ஊதா வந்திருக்காது. கலந்திருந்த டொலுயிடின்தான் அதை உண்டாக்கியது. மறு ஆண்டே அவர் தொழிற்சாலை கட்டினார். செயற்கைச் சாயத் தொழில் அங்கே பிறந்தது.

மருந்தாக வந்த தவறு

1886-ல் பிரான்ஸ் எல்லைப்பக்கம் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கான், ஹெப் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், குடற்புழு உள்ள நோயாளிக்கு நாப்தலீன் கொடுத்துப் பார்க்க நினைத்தார்கள். மருந்துக் கடையிலிருந்து வந்தது வேறு பொட்டலம். புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது. பொட்டலத்தில் இருந்தது அசெட்டனிலைடு. அனிலினோடு அசெட்டிக் அமிலம் சேர்ந்த பொருள். ‘ஆன்ட்டிஃபெப்ரின்’ என்ற பெயரில் அது உடனே விற்பனைக்கு வந்தது. மலிவு, வேலையும் செய்தது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன.

ஏன் என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலானது. 1948-ல் நியூயார்க்கில் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும் அசெட்டனிலைடு உடலுக்குள் போய் என்னவாகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பகுதி வேறொரு பொருளாக மாறுகிறது, காய்ச்சலையும் வலியையும் தணிப்பது அதுதான். ஒரு சிறுபகுதி அனிலினாகப் பிரிகிறது, நீலம் பாரிப்பது அதனால்தான். அந்த ‘வேறொரு பொருள்’ பாராசிட்டமால். 1893-லேயே ஃபான் மெரிங் அதைச் சோதித்துவிட்டு, பாதுகாப்பில்லை என்று ஒதுக்கியிருந்தார். பிராடி, ஆக்சல்ராட் ஆய்வுக்குப் பிறகு 1950-களில் அது மருந்துக் கடைக்கு வந்தது. இன்று நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் 500, 650 மில்லிகிராம் மாத்திரையில் பென்சீன் வளையமும் அதில் ஒட்டிய நைட்ரஜனும் அப்படியே இருக்கின்றன. அனிலினின் நஞ்சு மட்டும் விலகியிருக்கிறது.

1935-ல் டோமாக் வெளியிட்ட பிரான்டோசில் ஒரு சிவப்பு அசோ சாயம். உடலுக்குள் அது உடைந்து சல்ஃபனிலமைடாகிறது, கிருமியைக் கட்டுப்படுத்துவது அந்தத் துண்டு என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டார்கள். பெனிசிலின் புழக்கத்துக்கு வருமுன் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது சல்ஃபா மருந்து. அதன் நெருங்கிய உறவு டாப்சோன். 1940-களின் பிற்பகுதியில் நம் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தொழுநோய் குணமாகும் என்ற நம்பிக்கை உலகத்துக்குப் பிறந்த இடங்களில் செங்கல்பட்டும் ஒன்று என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். டாப்சோன் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு உதடு லேசாக நீலம் பாரிக்கும். தோல் மருத்துவர்களுக்கு இது பழகிய காட்சி. அனிலின் நஞ்சும் இதே பாதையில்தான் போகிறது.

ரத்தம் பழுப்பாகும்போது

உள்ளே போன அனிலினைக் கல்லீரல் ஃபீனைல்ஹைட்ராக்ஸிலமைன் என்ற பொருளாக மாற்றுகிறது. அது சிவப்பணுவுக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் நிலையை மாற்றிவிடுகிறது. மாறிய ஹீமோகுளோபினுக்கு மெட்ஹீமோகுளோபின் என்று பெயர். அது ஆக்ஸிஜனைச் சுமக்காது. ஒன்றிரண்டு துளி அனிலின் உள்ளே போனாலே ரத்தத்தில் இதன் அளவு ஏறும். 15 சதவீதத்தைத் தாண்டினால் உதடு, காது மடல், நகக்கண் சாம்பல் கலந்த நீலமாகும். இன்னும் ஏறினால் தலைவலி, மயக்கம், மூச்சிரைப்பு. 70 சதவீதத்தைத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம்.

இதில் ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, உடனே தெரியாது. கை நனைந்தபோது எரிச்சல்கூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு தலை சுற்றும். அதற்குள் நனைந்த சட்டையை மாற்றாமல் இருந்தால், சட்டையிலிருந்து தோலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அன்று மாலை மது குடித்தால் நிலைமை மோசமாகும். அனிலின் நஞ்சை ஆல்கஹால் கூட்டும் என்பது தொழில் மருத்துவத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். இரண்டு, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோரும் நம்பும் கருவி அது. மெட்ஹீமோகுளோபின் அதிகமாக இருந்தால் அது 85-ஐ ஒட்டிய ஓர் எண்ணிலேயே நின்றுவிடும். ஆக்ஸிஜன் ஏற்றினாலும் அசையாது. உண்மை நிலை அதைவிட மோசமாக இருக்கலாம்.

அப்படி ஒருவர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், பெரிய கருவி எதுவும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளை வடிதாளில் விட்டு, பக்கத்திலேயே நல்ல ரத்தம் ஒரு சொட்டு விட வேண்டும். காற்றுப் பட்டதும் நல்ல ரத்தம் பளிச்சென்று சிவக்கும். மற்றது கருப்பட்டிப் பாகின் நிறத்திலேயே கிடக்கும். இதற்கு மாற்று மருந்து மெத்திலீன் புளூ. எடை கிலோவுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கணக்கில், மெதுவாக நரம்பில் செலுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் நிறம் திரும்பும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதே மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும், அதனால் மருத்துவர் கவனமாக இருக்க வேண்டும். இந்த மெத்திலீன் புளூவும் டைமெத்தில் அனிலினிலிருந்து 1876-ல் செய்யப்பட்ட சாயம்தான். ராபர்ட் கோஹ் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்ணால் பார்க்க உதவியதும் அதுவே. இன்றைக்கும் அரசு மருத்துவமனைகளின் சளிப் பரிசோதனையில், நீலப் பின்னணியில் இளஞ்சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமி தெரிகிறதென்றால், ஃபுக்சின், மெத்திலீன் புளூ என்ற இரண்டு அனிலின் சாயங்களின் புண்ணியம் அது.

பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். மெட்ஹீமோகுளோபினைத் திருத்தி எடுக்கும் நொதி அவர்களுக்கு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகள் திடீரென்று நீலம் பாரித்தார்கள். தேடிப் பார்த்தால், சலவைக் கணக்குக்காக அவர்களுடைய அரைத்துணியில் குத்திய முத்திரை மையில் அனிலின் இருந்தது. துணியிலிருந்த ஒரு முத்திரை அளவு மை, ஈரத்தில் ஊறி, தோல் வழியே போய் ஒரு குழந்தையின் ரத்தத்தை மாற்றியிருக்கிறது. தோலைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சிறுநீர்ப்பையில் வந்த கணக்கு

மெட்ஹீமோகுளோபின் சில மணி நேரத்தில் வந்து போவது. இன்னொன்று இருபது ஆண்டு காத்திருந்து வந்தது.

1895-ல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் ஒரு விஷயத்தைச் சொன்னார். அவரிடம் சிறுநீர்ப்பைக் கட்டியோடு வந்தவர்கள் ஃபுக்சின் சாயம் செய்யும் ஒரே தொழிற்சாலையைச் சேர்ந்தவர்கள். அரிதான நோய், ஒரே வேலைத்தலம். ரேன் சொன்னது புள்ளிவிவரமாகப் பெரிது இல்லை, ஆனால் நோயாளியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்ட மருத்துவர் அவர். ‘அனிலின் புற்றுநோய்’ என்ற பெயர் அப்போது வந்து ஒட்டிக்கொண்டது.

பெயர் முழுக்கச் சரியில்லை. சாயத் தொழிற்சாலையில் அனிலினோடு அதன் உறவுகளான பென்சிடின், பீட்டா-நாப்தைலமைன் ஆகியவையும் இருந்தன. 1921-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இந்த இரண்டையும் குறிப்பிட்டே எச்சரித்தது. 1938-ல் வில்ஹெல்ம் ஹ்யூப்பர் நாய்களுக்குப் பீட்டா-நாப்தைலமைன் கொடுத்து அதே கட்டியை உண்டாக்கிக் காட்டினார். 1954-ல் பிரிட்டனில் கேஸும் உடனாய்வாளர்களும் ரசாயனத் தொழிலாளர்களின் மரணப் பதிவுகளை அலசி வெளியிட்ட ஆய்வு சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. வேலையில் சேர்ந்ததற்கும் கட்டி தெரிந்ததற்கும் இடையே சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்த ஆய்வில் அனிலின் மட்டும் கையாண்டவர்களுக்குத் தெளிவான ஆபத்து தெரியவில்லை.

அதை வைத்து அனிலினுக்கு நற்சான்று கொடுத்தவர்கள் உண்டு. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2020-ல் கூடிய நிபுணர் குழுவின் முடிவாக அனிலினை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. அதன் தம்பி முறையான ஆர்த்தோ-டொலுயிடின் ஏற்கெனவே உறுதியான முதல் பிரிவில் இருக்கிறது.

ரேன் எச்சரித்தது 1895. பீட்டா-நாப்தைலமைன் உற்பத்தியைப் பிரிட்டனின் பெரிய நிறுவனம் நிறுத்தியது 1949. பென்சிடினைத் தடைசெய்யும் விதிமுறை அங்கே வந்தது 1967. பென்சிடின் சாயங்களும் அபாயமான மற்ற அசோ சாயங்களுமாக 112 சாயங்களைக் கையாளக் கூடாது என்று இந்திய அரசு அறிவித்து முடித்தது 1997. ஆபத்து தெரிந்த பிறகும் தொழிலாளி அதே தொட்டிப் பக்கம் நின்றது நூறு ஆண்டுகள். இதை ரசாயனத்தின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2015-ல் ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்தில் சாய இடைநிலைப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அடுத்தடுத்துத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று தெரியவந்தது. அரசு ஆய்வாளர்கள் போய் அளந்தார்கள். ஆர்த்தோ-டொலுயிடின் காற்றில் வரம்புக்குள்தான் இருந்தது. தொழிலாளர்களின் சிறுநீரில் அதிகமாக இருந்தது. காரணம் கையுறை. ரப்பர் கையுறையைக் கழுவிக் கழுவித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரசாயனம் கையுறைக்குள் ஊறி, கைக்குப் பாதுகாப்பாகப் போட்ட அந்த உறையே நாள் முழுக்கத் தோலோடு அதை ஒட்டி வைத்திருந்தது. ஜப்பானில், இந்த நூற்றாண்டில், காற்று வரம்புக்குள் இருந்த இடத்தில் நடந்தது இது.

எண்ணெயில் கலந்தது

தொழிற்சாலைக்கு வெளியே அனிலின் பெயர் அடிபட்ட பெரிய துயரம் ஸ்பெயினில் நடந்தது. 1981 மே மாதம் மாட்ரிட் பக்கத்தில் டோரெஹோன் என்ற ஊரில் எட்டு வயதுச் சிறுவன் மூச்சுத் திணறி இறந்தான். அடுத்தடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். நிமோனியா என்று நினைத்துச் சிகிச்சை நடந்தது. குடும்பம் குடும்பமாக விழுகிறார்கள், ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்த பிறகு பார்வை சமையலறைப் பக்கம் திரும்பியது. தொழிற்சாலை உபயோகத்துக்காக இறக்குமதியான கடுகின எண்ணெயில், யாரும் சாப்பிடக் கூடாதென்று இரண்டு சதவீதம் அனிலின் கலந்திருந்தார்கள். அதைச் சுத்திகரித்து அனிலினை நீக்கிவிட்டதாக எண்ணி, லேபிள் இல்லாத பெரிய கேன்களில் ஆலிவ் எண்ணெய் என்று வீதி வீதியாக விற்றிருந்தார்கள் மோசடி வியாபாரிகள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் முதல் சில ஆண்டுகளிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்கள் பலர் தசை, நரம்பு வேதனையோடு ஆயுளைக் கழித்தார்கள். அனிலின் நேரடியாகச் செய்தது அல்ல இது. சூட்டில் அனிலின் எண்ணெயோடு வினைபுரிந்து உண்டான புதிய சேர்மங்கள் மேல்தான் ஆய்வாளர்களின் சந்தேகம். செக்கு எண்ணெய் என்று லேபிள் இல்லாத கேனில் மலிவாக வருவதை வாங்கும் நம் வீடுகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆற்றில் கலந்த கதையும் உண்டு. 2012 டிசம்பர் 31-ல் சீனாவின் ஷான்ஸி மாகாணத்து ரசாயன ஆலை ஒன்றில் குழாய் பழுதாகி 39 டன் அனிலின் கசிந்தது. அதில் சுமார் ஒன்பது டன் ஆற்றுக்குப் போனது. மாகாண அரசுக்குத் தகவல் போனது ஐந்து நாள் கழித்து. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஹான்டான் நகரில் குடிநீர் நிறுத்தப்பட்டது.

திருப்பூரும் முப்பது மில்லிகிராமும்

1994-ல் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக உடையக்கூடிய அசோ சாயங்களைத் துணியில் தடைசெய்தபோது திருப்பூர் ஆடிப்போனது. ஏற்றுமதியாகும் பனியன் துணியின் ஒவ்வொரு நிறத்துக்கும் சான்று கேட்டார்கள். 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்த விதி பரவியது. துணியில் ஒரு சிறு துண்டை வெட்டி, 70 டிகிரி வெந்நீரில் ஹைட்ரோ என்று பட்டறைகளில் சொல்லும் சோடியம் டைதயோனைட் போட்டு, சாயத்தை உடைத்துப் பார்ப்பார்கள். பட்டியலில் உள்ள எந்த அமீனும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அனிலின் அந்தப் பட்டியலில் இல்லை, அதைவிட மோசமான உறவுகள் இருக்கின்றன. திருப்பூர் சமாளித்தது, சாயத்தை மாற்றிக்கொண்டது. அதனால் நம் உள்ளூர்ச் சந்தையிலும் மோசமான சாயங்கள் குறைந்தன.

ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திருப்பூர் சாயப்பட்டறையில் அனிலின் டிரம் இருக்காது. அங்கே வருவது முடிந்த சாயப் பொடி. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் நாசமாக்கியது முக்கியமாக உப்பும் கழிவுச் சாயமும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். அனிலினைக் கையால் தொடும் வேலை சாய இடைநிலைப் பொருள், ரப்பர் ரசாயனம், பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகளிலும், டேங்கர் லாரிகளிலும், டிரம் கழுவும் கொட்டகைகளிலும் நடக்கிறது. இந்தியாவில் அந்த ஆலைகள் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதிகம். உலகில் இன்று தயாராகும் அனிலினில் பெரும்பகுதி சாயத்துக்குக்கூடப் போவதில்லை. எம்.டி.ஐ. என்ற பொருளாகி, பாலியூரித்தேன் நுரையாகி, ஃபிரிட்ஜ் சுவருக்குள்ளும் செருப்பு அடியிலும் போய் உட்கார்கிறது.

ஐரோப்பியக் குழந்தை போடும் சட்டையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி, ஆய்வகம், சான்றிதழ் எல்லாம் நம்மிடம் வந்துவிட்டன. அதே அக்கறை டிரம்மைத் திறப்பவரின் கைக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். வேலை முடிந்ததும் அவருடைய சிறுநீரில் பாரா-அமினோபீனால் அளவைப் பார்த்தால், அன்று அனிலின் எவ்வளவு உள்ளே போனது என்று தெரிந்துவிடும். கடினமான சோதனை இல்லை. பென்சீனின் அமினோ சேர்மங்களால் வரும் நஞ்சு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே ‘அறிவிக்க வேண்டிய நோய்’ ஆக்கப்பட்டது. சிகிச்சை கொடுக்கும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

அனிலினைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அது இல்லாமல் இன்றைய மருந்துமில்லை, சாயமுமில்லை. மூடிய குழாயில், மூடிய கலனில், மனிதக் கை படாமல் அதை நகர்த்த முடியும். பெரிய ஆலைகள் அப்படித்தான் செய்கின்றன. காற்றில் 2 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. அதோடு தோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பியூட்டைல் ரப்பர் மாதிரி அனிலினுக்குத் தாக்குப்பிடிக்கும் கையுறையைத் தர வேண்டும், உள்பக்கம் நனைந்த கையுறையை அன்றே தூக்கிப் போட வேண்டும்.

இந்த வேலையில் இருக்கும் தோழர்களே, அவர்கள் வீட்டாரே: அனிலின் மேலே பட்டால் சட்டை, பேன்ட், செருப்பு, பெல்ட் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கழற்றுங்கள். கூச்சம் பார்க்காதீர்கள். சோப்புப் போட்டுச் சாதாரணத் தண்ணீரில் கால் மணி நேரமாவது குளியுங்கள், நகக்கண்ணையும் தலைமுடியையும் விடாதீர்கள். வெந்நீர் வேண்டாம். அன்று மது தொடாதீர்கள். உதடு நிறம் மாறினாலோ தலை சுற்றினாலோ தூங்கிப் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவமனைக்குப் போய், ‘அனிலின்’ என்ற பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால் டிரம்மில் உள்ள லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டேங்கரில் இருந்தால் ஆரஞ்சுப் பலகையில் 1547 என்ற எண் இருக்கும். வேலையை விட்டு எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் வந்தால் கல், சூடு என்று கைவைத்தியம் பார்க்காமல் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள், பழைய வேலையைச் சொல்லுங்கள். மருத்துவர்கள் பெயர், வயது எழுதியதும் அடுத்த வரியில் என்ன வேலை என்று கேட்டு எழுதுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றின் அவசரப் பிரிவிலும் மெத்திலீன் புளூ ஊசி எப்போதும் இருப்பில் இருக்க அரசு உத்தரவாதம் செய்ய வேண்டும்.